பிடித்தது எது

முதலில் எதைக் கற்பது என்று
ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.
குத்துச்சண்டை என்றான் தங்கச்சி மாப்பிள்ளை,
போனில் கூண்டுச் சண்டை பார்த்தே
மூன்று சார்ஜர் தேய்த்தவன்.
கை தேறிவிட்டால் மீதியை மேலே கட்டிக்கொள்ளலாமாம்.
அஸ்திவாரம் அஸ்திவாரம் என்று
வீடு கட்டுகிறவன்போல் பேசினான்.
இருப்பது வாடகைக்கு.

கராத்தே என்றாள் பங்க்கில் என்னோடு நிற்கும் பாண்டீஸ்வரி.
மகன் பச்சை பெல்ட் வரை வந்துவிட்டான்.
காற்றை உதைக்கிறான்,
காற்று அவனை ஒன்றும் செய்வதில்லை.

நான் ஒரே ஒரு கேள்வியைக்
கழனிவாசலிலிருந்து எடுத்துக்கொண்டு போனேன்:
ஏற்கெனவே பிடித்துவிட்டால்?

அது மாசி. இரவு பத்தே கால்.
ஸ்கூட்டியை ஓரங்கட்டி
ஹெல்மெட் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.
பைக்கில் வந்தவன் இறங்கக்கூட இல்லை.
மணிக்கட்டைப் பிடித்தான்.
எவ்வளவு நேரம் என்றால்
இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் ஏறும் நேரம்.
சிரித்தான், விட்டான், போய்விட்டான்.
நான் தள்ளவில்லை, கத்தவில்லை, கடிக்கவில்லை.
நாளைக்கு நானூறு வண்டிக்குக் குழாய் தூக்கும் கை
யாருடையதோ போலக் கிடந்தது.

செக்காலை ரோட்டுக் குத்துச்சண்டைக்காரர்
கேள்வியை முழுக்கக் கேட்டார்.
"பிடிக்கவே விடக் கூடாது."
நல்ல பதில்தான்.
தை மாதமே கேட்டிருக்க வேண்டும்.

கல்லுக்கட்டிப் பக்கம் சிலம்பம் சுற்றினார்கள்.
வீச்சு அழகு, வெகுநேரம் நின்று பார்த்தேன்.
ஆறடிக் கம்பை ஸ்கூட்டியில் எங்கே வைப்பது
என்று யோசித்தபடியே திரும்பினேன்.

புதுவயலில், அரைப்பு நின்றுபோன ஒரு ரைஸ்மில் கிட்டங்கியில்
தவிட்டு வாசத்துக்கு நடுவே பாய் விரித்திருந்தார்கள்.
பிலோமி என்னைவிட இரண்டு வயது இளையவள்.
காது இரண்டும் பணியாரம்போல் உப்பியிருந்தன.
கேள்வியை முடிக்கவில்லை நான்,
மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.
"இப்ப?"
இழுத்தேன்.
"இப்ப?"
இன்னும் இழுத்தேன்.
"கைய விடு. கால பாரு."
பார்த்தேன்.
இரண்டும் ஒட்டி நின்றன,
கல்யாண வீட்டுப் போட்டோவில் நிற்பதுபோல்.

மல்யுத்தமா ஜூடோவா தரைச்சண்டையா,
அவள் சொல்லித்தருவதற்கு
இன்றுவரை எனக்குச் சரியான பெயர் தெரியாது.
இதுதான் அடிப்படை என்று ஆராய்ந்தும் சேரவில்லை.
மற்றவர்கள் எல்லாம் மாலை ஆறு மணி; எனக்கு ஷிப்ட்.
இது காலை ஐந்தரை, மாதம் நானூறு.
காரணங்கள் பிறகுதான் வந்தன,
கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லச் சொல்ல.

முதல் மாதம் முழுக்க விழுந்தேன்.
தாடையை நெஞ்சோடு ஒட்டி, உள்ளங்கையால் பாயை அறைந்து.
குடியிருக்கும் பழைய வீட்டின் ஆத்தங்குடித் தரையில்
ஒருதரம் ஒத்திகை பார்த்து
நான்கு நாள் ஒருக்களித்துப் படுத்தேன்.
தையற்கடை ஹசீனா எழுபது கிலோ.
மூச்சு எங்கே இருக்கிறது என்று
அவள் அடியில் கிடந்துதான் கண்டுபிடித்தேன்.
ஒருநாள் என் கழுத்தைக் கையால் வளைத்துக்கொண்டு
"பிடிச்சிருக்கா?" என்றாள்.
எதைக் கேட்கிறாள் என்று விளங்கவில்லை.
பிடிச்சிருக்கு என்றேன்,
இரண்டுக்கும்.

ஆவணியில் அவன் வந்தான்.
அதே பைக், டேங்க் மேல் அதே பருந்து ஸ்டிக்கர்.
என்னைத் தெரியவில்லை அவனுக்கு.
சட்டையில் தைத்த பெயரையும் படிக்கவில்லை.
"நூத்திமுப்பதுக்கு."
ஜீரோ பார்த்துக்கங்க என்றேன். பார்த்தான்.

வேறொன்றும் நடக்கவில்லை.
மீதி எழுபதை நீட்டும்போது
என் பாதங்கள் தாமாக ஒரு சாண் அகன்றன,
முழங்கால் கொஞ்சம் இளகிக்கொடுத்தது.
பின் டயருக்குக் காற்று வேண்டும் என்றான்.
அந்தப் பக்கம் என்றேன்.
அடுத்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.