மூன்றாம் கட்டம்

டெல்போர்ட் பையை மேசைமேல் போட்ட விதத்திலேயே
வழக்கு தொடங்கிவிட்டது.
கினியாப் புல் விதை. பன்னிரண்டு கிலோ மிச்சம்.
"மழை பெய்தது, ஒன்றுகூட எழவில்லை.
செத்ததை விற்றிருக்கிறான் அந்த கிரேடவுன் மூட்லி."
என் சட்டைப் பட்டையிலும் அதே பெயர்.
படித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.
உறவில்லை, என்றேன்.

ஈரத்தாளில் நூறு விதை.
பகலுக்கு முப்பது பாகை, இரவுக்கு இருபது.
இருபத்தெட்டாம் நாள் நான்கு முளை.
பிறகு வெடியுப்பு நீர்: ஒன்பது.
பிறகு கந்தக அமிலம், பத்தே நிமிடம்,
உமியைத் தின்றுவிட்டு உள்ளே போகாமல் நிற்கவேண்டும்.
தொலைபேசி அடித்தது.
பதினாறு நிமிடம்.
வடிகட்டியில் கரி.

ஸோட்வா புகைநீர் கொண்டுவந்தாள்,
காய்ந்த புல்லை எரித்து
புகையைத் தண்ணீருக்குள் குமிழவிட்டு எடுத்தது.
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் மூடிய அறைக்குள்
ஆகஸ்ட் மலைச்சரிவின் வாசம்.
பதினொன்று.

கடைசியில் நூறு விதையை நெடுக்காகப் பிளந்து
டெட்ராசோலியத்தில், இருட்டில், ஊறப்போட்டேன்.
உயிரிருந்தால் சிவக்கும்.
மறுநாள் உருப்பெருக்கியின் கீழே
எண்பத்து மூன்று
பல் முளைக்காத ஈறுபோலச் சிவந்து கிடந்தன.
உயிரோடிருந்தன என்று எழுதலாம்.
இருக்கின்றன என்று எழுத முடியாது,
வெட்டியது நான்.

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
முளைத்தவை, இறந்தவை,
உயிரிருந்தும் முளைக்காதவை.
டெல்போர்ட் மூன்றாவதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படித்தார்.
"வக்கீல் கேட்பான், செத்ததா இல்லையா?"
தூங்குகிறது.
"என் மாடுகள் தூங்கவில்லை, அம்மா."
அதை எழுதக் கட்டம் இல்லை.

பையை எடுத்துப்போகவில்லை.
தகரக்கூரைக் கிடங்கின் மேல்தட்டில் ஏற்றினோம்,
மறந்தோம்.
வெயில் கூரையைத் தட்டியது, குளிர் வந்து போனது,
யாரும் அதற்கு எதுவும் செய்யவில்லை.
அக்டோபரில் வேறு எதையோ தேடி ஏறியபோது
ஒரு கைப்பிடி எடுத்து நூறு எண்ணினேன்.
வெறும் தண்ணீர்தான்.
எழுபத்தொன்று.

எண்ணைச் சுழற்றினேன். அவர் மனைவி எடுத்தாள்.
மாடுகளை ஜூனிலேயே ஏலத்தில் விட்டாயிற்று.
வழக்கா? அதற்கும் பணம் வேண்டுமே.
"அந்த வெறும் வயலில் இப்போது ஏதோ களை,
முழங்கால் உயரம், ஒரே பச்சை.
மருந்தடிக்கப் போயிருக்கிறார்."

எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்,
என்று கேட்டேன்.