சோழகத்தில் ஓட்டிப் பார்த்தவை

வெள்ளை வண்டியைத்தான் முதலில் எடுத்தேன்.
பாம்பன் பாலம் ஏறியதும்
தெற்கிலிருந்து சோழகம் கதவில் கை வைத்துத் தள்ளியது.
நான் திருப்பவில்லை, நினைத்தேன்.
அது திரும்பிக்கொண்டது.
நல்ல வத்தை ஒன்றுதான்
சுக்கானுக்கு முன்னால் மனசைக் கேட்கும்.

பக்கத்தில் கலைவள்ளி,
இடுப்பில் நாலு திருகாணி வைத்துத் தைத்தவள்,
பாலத்தின் ஒவ்வொரு இணைப்புக்கும்
ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தாள்.
மண்டபத்தில் இறங்கி, "நாற்பத்தொன்று" என்றாள்.
வண்டியை ஓட்டியது நான்.
பாலத்தைச் சுமந்தது அவள்.

எங்களுக்குக் கார் பவுசுக்கு இல்லை.
மரிக்கொழுந்துப் பாசி காய்கிற கரைகளுக்கெல்லாம்
மாதம் இருபது நாள் போக வேண்டும்.
மூட்டை லாரியில் போய்விடும்.
தராசு, ரசீதுப் புத்தகம், நாங்கள் இரண்டு பேர்.
சின்ன வண்டி போதும்.
சின்னதில் எது என்பதுதான் வழக்கு.

குவைத்திலிருந்து தொபியாஸ்
வாரம் ஒரு படம் அனுப்புகிறார். எல்லாம் சிவப்பு.
"பிக்கப் பாரு பிரிஸ்கா, பிக்கப் பாரு."
பெண் பார்க்க வந்த அன்று
இவர் எதைப் பார்த்தார் என்று
நான் இதுவரை கேட்டதில்லை.

இரண்டாவது, வெளிறிய நீலம்.
உச்சிப்புளி வாத்தியார் ஒருவருடையது.
மேடும் பள்ளமும்
வேறு யாருக்கோ நடக்கிற மாதிரி மிதந்தது.
புதுமடம் தாண்டுமுன் கலைவள்ளி பேச்சு நின்றது.
பார்த்தால், வாய் திறந்த தூக்கம்.
ஆறு மாதமாக மாத்திரைக்கும் வராத தூக்கம்.
பெரியபட்டினத்தில் திரும்ப வேண்டியவள்
கீழக்கரை வரை போனேன்.
ஒரு வளைவில் வண்டி பாரம் ஏறிய படகாய்ச் சாய்ந்து
சாவகாசமாக நிமிர்ந்தது.
எனக்குத்தான் வயிறு கலங்கியது.
அவளை எழுப்பவில்லை.

சீனி உதுமான் எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்கவில்லை.
சாக்கை விரித்துக் கீழே படுத்து
திருப்புளிக் கைப்பிடியால் அடித்தட்டைத் தட்டினார்,
தேங்காய் வாங்குகிறவர் போல.
வெள்ளை, பொத் பொத்.
நீலத்தில் ஓரிடத்தில் கைப்பிடியே உள்ளே போய்விட்டது.
"இங்கன கார் ஓடித் தேயாது தங்கச்சி,
நின்னு தேயும்.
ராத்திரி பூரா உப்பு தின்னும்."

மூன்றாவது சாம்பல் நிறம், பரமக்குடியிலிருந்து வந்தது.
ஒன்பது வருஷமாகக் கடல் பார்க்காத வண்டி.
தட்டினால் வெண்கலம்.
ஸ்டீயரிங்கோ, நனைந்த வலையை இழுக்கிற கனம்.
இருக்கைக்குக் கோயில் பெஞ்சு தேவலை.
கலைவள்ளி ஏறினாள், இறங்கினாள், ஒன்றும் சொல்லவில்லை.
அவள் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

வாலிநோக்கத்தில் எடை முடிய இருட்டிவிடும்.
மடியில் அடுத்தவர் பணம்.
போனில் ஒரே ஒரு கோடு.
இரண்டு பக்கமும் உடைமுள்.
அங்கே சாவியைத் திருப்பி, கிளம்பாவிட்டால்
மெத்தை எதற்கு, வளைவு எதற்கு?

சாம்பலை வாங்கினேன்.

லாரியில் மோதி மூக்கு போன வேறொரு வண்டியிலிருந்து
இடப்பக்க இருக்கையை மட்டும் கழற்றி
சீனி உதுமான் இதில் பூட்டினார்.
மூவாயிரத்து இருநூறு.
நிறம் சேரவில்லை, அது மாம்பழ மஞ்சள்.
கலைவள்ளி உட்கார்ந்தாள், சாய்ந்தாள்,
"இது யார் உட்கார்ந்தது?" என்றாள்.
அதை மட்டும் நானும் விசாரிக்கவில்லை.
படம் அனுப்பினேன்.
"சிவப்பு கிடைக்கலையா" என்று பதில் வந்தது.

ஸ்டீயரிங் கனம் என் பங்கு.
ஈரப்பாசி தூக்கிப் பழகிய தோள்தான்.
பாலத்தில் சோழகம் தள்ளுகிறது, நானும் தள்ளுகிறேன்.
கடல் எந்த நிறம் என்று பார்க்க ஒழியவில்லை.
பக்கத்தில் பதினைந்து, பதினாறு,
பதினேழு.
பதினெட்டு வரவில்லை.