கட்டண விலக்கு

கப்பலூர். நாலாம் நம்பர் பாதை.
இரவு இரண்டே முக்காலுக்கு
என் கூண்டுக்குள் ஒரு ஃபேன், ஒரு கம்ப்யூட்டர்,
பாதி தின்ற கடலை மிட்டாய், நான்.

மேலூர்க் கல் ஏற்றிய லாரி
தூத்துக்குடிக்குப் போகிறது.
ஸ்டிக்கரைப் படிக்க மாட்டேனென்று
கருவி அடம்பிடிக்கிறது, மூன்று தடவை.
டிரைவர் ஹாரனில் கை வைக்கிறார்.
அப்போதுதான் கல்லின் மேலிருந்து ஒரு குரல்:
"அக்கா, அங்கிட்டுப் பாருங்க."

மொக்கராசு என்று பிறகு சொன்னான்.
கிளீனர். பத்தொன்பது இருக்கலாம்.
வாராத வாழ்வு வந்தாலும்
வடக்கே தலை வைக்காதே என்று வளர்ந்தவன்,
தெற்கே தலை வைத்து மல்லாந்திருக்கிறான்.
பகலில் வாங்கிய வெயிலைக் கல்
இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக
அவன் முதுகுக்குத் திருப்பிக் கொடுக்கிறது.
கால் விரல்களுக்கு நடுவில் நாகமலை.
நாகமலைக்கு மேல்
அது.

ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டினேன்.
என்னவென்று சொல்ல?
வெற்றிலை துப்பிய பிறகும்
உதட்டில் தங்குமே, அவ்வளவுதான் சிவப்பு.
நேராகப் பார்த்தால் இல்லை.
கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் இருந்தது.
ஊர் வெளிச்சம் வலப்பக்கம்
வழக்கம்போல் மோர் நிறத்தில் கிடந்தது.
இது அதில்லை.

"எங்கயோ வைக்கப்போர் பத்திருச்சு," டிரைவர் சொன்னார்.
"புகையக் காணோமேண்ணே."
"அப்பக் கோயில் கொடைக்குச் சீரியல் செட்டு."
"வானத்துலயா கட்டுவாய்ங்க?"

பின்னால் ஒரு பேருந்து, நாலு கார்,
ஐஸ் உருகிச் சொட்டும் காலி மீன் வண்டி.
அவர்களுக்கு எதிரே இருந்தது
கம்பு ஒன்றுதான்.

மொக்கராசின் போன்
மூன்று வினாடி அசையாமல் பார்த்தது.
காட்டினான்.
மலை விளிம்பில் ரோஸ்மில்க் கொட்டியிருந்தது,
மேலே போகப் போக வாடாமல்லி.
கண்ணுக்குத் தெரியாதது
அதற்கு எப்படித் தெரிந்தது என்றேன்.
"இன்னும் ஆறு டியூ பாக்கிக்கா,
தெரியாமப் போயிருமா?"

கருவி கீச்சென்றது. கம்பு எழுந்தது.
படம் லாரியோடு போய்விட்டது.

பதிவேட்டில் எழுதினேன்:
2.51. வடக்கிலிருந்து.
வாகன எண் இல்லை. வகை தெரியவில்லை.
கட்டணம் என்ற கட்டத்தில்
ஆம்புலன்ஸுக்கும் ராணுவ வண்டிக்கும் எழுதுவதையே எழுதினேன்:
விலக்கு.
காலையில் சூப்பர்வைசர் ஜபருல்லா படித்தார்.
தூங்கினியா என்று கேட்கவில்லை.
மையால் ஒரு கோடு போட்டு,
கோட்டுக்கு அடியில் படிக்க முடிகிற மாதிரி விட்டுவைத்தார்.

எட்டேகாலுக்கு ரெஜினாள் டீச்சர்.
விருதுநகர்க் கல்லூரியில் இயற்பியல்,
மாதப் பாஸ், வெள்ளைக் கார்.
எனக்கும் அவருக்கும் இரண்டு வருடமாகத்
தினம் பதினோரு வினாடிப் பழக்கம்.
பதினோரு வினாடிக்குள் சொன்னேன்.
"வாய்ப்பே இல்லைம்மா.
சூரியன் வீசியெறிகிற தூசி அது.
ரெண்டு நாள் பறந்து வந்து
துருவத்துப் பக்கம்தான் இறங்கும்.
அங்கே காந்த முள் செங்குத்தா நிக்கும், வழி இருக்கு.
நம்ம ஊர்ல முள் படுத்தே கிடக்கும்.
இறங்க வழி ஏது?"
"சரிங்க டீச்சர்."
"படம் இருக்கா?"
"இந்நேரம் தூத்துக்குடி தாண்டியிருக்கும்."

கம்பு எழுந்தது. கார் போனது.
போன கார் நூறடி தள்ளி ஓரங்கட்டி நின்றது.
டீச்சர் இறங்கினார்.
முந்தானையால் நெற்றிக்குக் குடை பிடித்து,
ஒரு மேகம்கூட இல்லாத
எட்டேகால் மணி வெயிலில்
நாகமலைக்கு மேலே
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
முதல் வகுப்புக்கு நேரமாகியிருக்கும்.

நான் நாற்காலியை
வடக்கே பார்க்கத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.
கம்ப்யூட்டர் தெற்கே இருக்கிறது.
கழுத்து வலிக்கிறது.