மேசைமேல் ஒரு மூக்குக்கண்ணாடி

நவம்பரில் இங்கே மூன்று மணிக்கே இருட்டு.
கூஹ்மோ சுகாதார நிலையத்தில்
விளக்கைப் போட்டுவிட்டுத்தான் பெயரைக் கூப்பிடுகிறேன்:
கௌக்கோ திர்க்கொனென். அறுபத்தேழு வயது.
மரவண்டி ஓட்டி ஓய்ந்தவர்.
கௌக்கோ என்றால் எங்கள் பாஷையில் தொலைவு.
ஏரிக்கு அந்தப்பக்கம் தனியாக இருக்கிறார்,
பெயருக்குத் தக்கபடி.

வியாழக்கிழமையும் வந்திருந்தார்.
காய்ச்சல் முப்பத்தொன்பதுக்கு மேல், தலைவலி,
இடுப்புக்குச் சற்று மேலே இருபுறமும் வலி.
விறகு பிளந்தேன், பிடித்துக்கொண்டது என்றார்.
வராந்தாவில் அன்று பதினோரு பேருக்கு ஃப்ளூ.
பன்னிரண்டாவது சீட்டிலும் அதையே எழுதினேன்.

அவருக்கு இருமல் இல்லை.
மூக்கு ஒழுகவில்லை. தொண்டையில் சிவப்பு இல்லை.
இருப்பதையே கேட்டுப் பழகிய காது எனக்கு;
இல்லாதது சத்தம் போடுவதில்லை.

இன்று செவ்வாய்.
காய்ச்சல் விட்டுவிட்டதாம்.
கடைக்கு வந்த வழியில்
ஒரு நல்ல செய்தி சொல்லிவிட்டுப் போகலாமென்று வந்தாராம்.
சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து
என் மேசைமேல் வைக்கிறார்.
இனி இது வேண்டாம், டாக்டர்.
இருபது வருஷமாய்க் கைநீட்டிப் படித்த செய்தித்தாளை
நேற்று மடியில் வைத்தே படித்தேன்,
மரண அறிவித்தல்களின் பொடியெழுத்து உட்பட.
ஏரிமேல்தான் ஒரே மூடுபனி,
அக்கரை விளக்குகூடத் தெரியவில்லை.

மூன்று நாளாக இங்கே வானம் துடைத்துவைத்த மாதிரி.
எந்த மூடுபனி?

பேனாவைக் கீழே வைத்தேன்.
கிட்டத்தில் தெளிவு, எட்டத்தில் கலங்கல்.
அறுபத்தேழு வயதுக் கண் ஒரே வாரத்தில்
பின்னோக்கி நடக்காது, எதுவோ பிடித்து இழுத்தாலன்றி.

சிறுநீர் எப்படிப் போகிறது?
யோசிக்கிறார். நேற்று ஒரே தடவை.
முதுகுக்கு என்ன போட்டீர்கள்?
டப்பாவில் கிடந்த இபுபுரூஃபன், மூன்று வேளையும்.
விறகுக் கொட்டகையைக் கூட்டினீர்களா?
சிரிக்கிறார். கூட்டாமல்?
இந்த வருஷம் அடுக்குக்கு அடுக்கு புழுக்கை,
கறுப்பு அரிசியை இறைத்த மாதிரி.
காய்ந்த துடைப்பம், சாத்திய கதவு,
ஒரு மணி நேரத் தூசு.

எலி வளையானாலும் தனி வளை என்று
அவர் கட்டிக்கொண்ட இடம்;
அதே நினைப்பில் இன்னொன்றும் குடிவந்திருக்கிறது,
செம்முதுகு, குட்டைவால், உள்ளங்கையில் பாதி.
கடிக்கவில்லை.
பெய்தது, காய்ந்தது, பறந்தது, மூச்சில் ஏறியது.
அவ்வளவுதான் இருவருக்கும் அறிமுகம்.

விரல்நுனியில் ஒரு சொட்டு.
பட்டையில் முதல் கோடு எப்போதும் வரும்;
இரண்டாவதற்காக நானும் நர்ஸ் ரைலியும் குனிந்து நிற்கிறோம்.
வந்தது, வெளிறிய ரோஜா நிறத்தில்,
வருத்தம் தெரிவிப்பதுபோல்.
தட்டணுக்கள் அறுபத்திரண்டாயிரம்.
கிரியேட்டினின் நான்கு மடங்கு.

மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பார்களாம்.
நான் எலியை விட்டுவிட்டு ஐந்து நாள்
மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கென்று மருந்து கிடையாது என்றதும்
முதல்முறையாக அவர் முகம் மாறுகிறது.
பிறகு என்னதான் செய்வீர்கள்?
அளப்போம். உள்ளே போகும் தண்ணீரை, வெளியே வருவதை.
சிறுநீரகம் தானாக விழித்துக்கொள்ளும், பெரும்பாலும்.
அந்தப் பெரும்பாலும் அவர் காதில் விழுந்துவிட்டது.
கொட்டகையைப் பற்றி நான் வியாழனன்றே
கேட்டிருக்க வேண்டும் என்கிறேன்.
தோளைக் குலுக்குகிறார். எங்கள் பக்கத்தில்
அது மன்னிப்பா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.
கயானி மருத்துவமனைக்கு நூறு கிலோமீட்டர்.
ஆம்புலன்ஸ் கதவை அவரே இழுத்துச் சாத்திக்கொள்கிறார்.

பத்து நாள் கழித்து வார்டிலிருந்து போன் செய்தார்.
ஒரே நாளில் ஆறு லிட்டர், டாக்டர்,
குதிரை தோற்றுப்போகும்.
கீழே நிற்கும் கார்களின் எண்கள்கூடத் தெரிகின்றன.
பிறகு கொஞ்சம் தயங்கி,
செய்தித்தாள்தான் மறுபடி போய்விட்டது,
அந்தக் கண்ணாடி உங்கள் மேசையில் இருக்கிறதா பாருங்கள்.

இருந்தது.
வெளியே வராந்தாவில்
இருமிக்கொண்டும், இருமாமலும்,
ஒன்பது பேர்.