பதிவேடு, இருபத்து மூன்றாம் பக்கம்

கூலொம்மியே நகரசபையின் கீழ்த்தளத்தில்
நீள மேசைமேல் ஒரு கோட்டை.
வெள்ளை மட்டையில் வெட்டியது. ஏழு கோபுரம்.
உச்சியில் பல்லுக்குத்தும் குச்சியில் கொடி.
வேடிக்கைப் பூங்காவின் புது ஹோட்டல்,
முந்நூற்றெண்பது அறை.

பக்கத்தில் பதிவேடு, கயிற்றில் கட்டிய பேனா.
யாரும் எழுதலாம் என்றார் மதாம் லெகூத்ர்,
விசாரணை அதிகாரி.
எந்த மொழியிலுமா என்று கேட்டேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இதுவரை ஒருவரும் கேட்கவில்லை."
ஆகவே தமிழில்.

எனக்கு முன் எழுதியவர்களை
எழுத்துக் கூட்டி வாசித்தேன்.
மாலை நாலுக்கு மூன்றாம் கோபுரத்தின் நிழல்
மிஸ்யே புவாதெவின் தக்காளிப் பாத்தியில் விழும்.
பள்ளிக்கூட வளைவால் நாளுக்கு இரண்டாயிரம் கார் போகும்,
இது ஒரு தாய், அழுத்தி எழுதியதில்
அடுத்த பக்கமும் பள்ளம் விழுந்திருக்கிறது.
ஒரு பிள்ளைக்கு ட்ராகன் வேண்டுமாம்.
வரைந்தும் காட்டியிருக்கிறது. நல்ல ட்ராகன்.

என் கவலை சின்னது, நாலு சக்கரம் உள்ளது.
துணி ட்ரொலி.
வரைபடத்தில் நடைவழி ஆறுபோல வளைகிறது;
அடுத்த திருப்பத்தில் என்ன இருக்குமென்று
விருந்தினருக்கு ஆவல் வரவேண்டுமாம்.
அடுத்த திருப்பத்தில் நான் இருப்பேன்.
ஈரத் துவாய் அறுபது கிலோவும்
நேராகத்தான் போகப் பார்க்கும்.
அதற்குக் கற்பனை கிடையாது.

பிறகு யன்னல்கள். கோபுரத்தில் உள்ளவை பொய்.
வெளியே விளக்கெரியும், உள்ளே சுவர்.
அந்தச் சுவருக்குப் பின்னால்தான்
நாங்கள் உடுப்பு மாற்றும் அறை.
ஒன்றையாவது உண்மையாக்குங்கள்.
திறக்கவேண்டாம்.
மழையா இல்லையா என்று தெரிந்தால் போதும்.

கார் நிறுத்த ஆயிரத்து இருநூறு இடம்.
விருந்தினருக்கு ஸ்டேஷனிலிருந்து குட்டி ரயில்,
சிவப்புப் புகைபோக்கியோடு, இரவு ஒன்பது வரை.
எங்கள் வேலை முடிவது பதினொன்றரை.
ஊர் பஸ்ஸோ பத்து நாற்பதுக்கே நித்திரைக்குப் போய்விடும்.
இப்போதே ஐசத்தா
மஞ்சள் அங்கி போட்டுச் சுற்றுவட்டத்தைக் கடக்கிறாள்,
புல்லில் ஒரு கால், தாரில் ஒரு கால்.
லொறிக்காரர் ஹோர்ன் அடிப்பது திட்டுவதற்கா
வணக்கத்துக்கா என்று
நாங்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

குனிந்து மாதிரிக்குள் தேடினேன்.
அரிசியளவு மனிதர்:
பலூன் பிடித்தவர், பெட்டி இழுப்பவர்,
நாயோடு ஒருத்தி.
நாய்க்குக்கூட நிழல் ஒட்டியிருக்கிறார்கள்.
பஸ் இல்லை.

கட்டடக் கலைஞர் இளம் பெடியன்,
விரலில் காய்ந்த பசை. கேட்டேன்.
"இரண்டாம் கட்டத்தில் வரும், மதாம்."
அது எப்போது?
"முதலாம் கட்டம் முடிந்த பிறகு."
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.
காரில்லையாம். பரிசிலிருந்து ரயிலில் வந்து
மிச்சத்தை நடந்தாராம், ஒரு சப்பாத்து முழுக்கச் சேறு.
திரும்ப எப்படிப் போவதென்று
என்னையே கேட்டார்.

லிஃப்டைப் பற்றியும் எழுதவேண்டும்.
மூன்றாம் மாடியில் துணி அனுப்பும் குழாய்
தேர்வீட்டு அலங்காரத்துக்குக் குறுக்கே வருவதையும்.
ஆனால் ஐந்து பன்னிரண்டுக்கு பஸ்.
விட்டால் அடுத்தது ஒன்றேகால் மணி கழித்து.
இந்தப் பக்கத்தின் மீதியைக் காலியாக விடுங்கள்,
திங்கள் எனக்கு ஓய்வு, வருகிறேன்.

பெடியன் வாசலில் நிற்கிறார்,
சுருட்டிய வரைபடங்களை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு.
நல்ல மழை.
உள்ளே இருந்ததில் தெரியவில்லை என்கிறார்.

ஒப்பம்,
யோகமலர் தர்மகுலராசா
அறைகள் 301 முதல் 318 வரை