கூப்பிட்டுவிட்டு வைத்துவிட்டது

பதினோரு இரவுப் பணிக்குப் பின்
ஒரு செவ்வாய்க்கிழமை என் கைக்கு வந்தது.
கைபேசியைச் சமையலறை இழுப்பறையில்
கரண்டிகளோடு படுக்கவைத்தேன்.
தார்த்துவில் கல்லாஸ்தே பேருந்து ஏறினேன்.
"திரும்பவும் வருவீர்களா?" என்றார் சீட்டு கிழித்தவர்.
"கடைசி வண்டிக்கு."
அன்று நான் பேசியது அவ்வளவுதான், வெகுநேரத்துக்கு.

என்ன வேலை என்று கேட்பவர்களிடம்
போன் எடுப்பவள் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.
ஆம்புலன்ஸ் வேண்டியவர்கள், கூரை பற்றிக்கொண்டவர்கள்,
மூச்சை மட்டும் விட்டுவிட்டு
வைத்துவிடுகிறவர்கள்.
சொல்லுங்கள், கேட்கிறேன்.
இந்த இரண்டு சொல்லைத் தூக்கத்திலும் சொல்கிறாய் என்பான்
தாவேத், என்னோடு இருந்தவரை.

ஜன்னல் முழுக்க உறைபனி.
நகத்தால் ஒரு காசளவு சுரண்டினேன்.
காசுக்குள் பிர்ச் மரங்கள் ஓடின.
வெங்காயம் விற்கும் பலகைக் கடைகள், எல்லாம் பூட்டியவை.
ஒரு நாய், தன் வேலையாக.

கல்லாஸ்தேயில் கரை சிவப்புப் பாறை.
அதிலிருந்து பனி, ஆலம் விழுதுபோல
தரையைத் தொடுமளவு இறங்கி
தொடாமல் நின்றிருந்தது.
அக்கரை ரஷ்யா என்கிறார்கள்.
எனக்குத் தெரிந்தது வெள்ளை,
அதற்குமேல் கொஞ்சம் அழுக்கான வெள்ளை.

ஏரிமேல் நடப்பது முதல் பத்தடிக்குத்தான் வீரம்.
அப்புறம் வெறும் நடை.

நவம்பரில் அழைத்த சிறுமியைப் பற்றி
நிதானமாக நினைக்க வேண்டும் என்றுதான் வந்தேன்.
தம்பியின் மூச்சை அவள் எண்ண எண்ண
நானும் கூடவே எண்ணினேன், நாற்பத்தொன்றுவரை.
கதவு உடைபடும் சத்தம். இணைப்பு போயிற்று.
முடிவை எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.
ஆனால் நடந்த நேரமெல்லாம்
வலது காலுறையின் ஓட்டையைப் பற்றியே நினைத்திருந்தேன்.
பெருவிரல் அதில் தலை நீட்டி நீட்டி
எல்லாத் துக்கத்தையும் முந்திக்கொண்டது.

கவிழ்த்த வாளிமேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.
பனிக்கட்டியில் துளை, சாப்பாட்டுத் தட்டின் அகலம்.
"ஒரு பத்து நிமிடம் இதைப் பிடிக்கிறீர்களா?
வண்டி எஞ்சின் உறைந்துவிட்டால் வீடு போகமுடியாது."
லவ்ரெந்தி என்று பெயர் சொன்னார்.
என் பெயரைக் கேட்கவில்லை.
அகப்பை நீளமே இருந்த தூண்டிலைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

அப்புறம் வந்த அமைதிக்கு
எடை இருந்தது, ஈரத் துணியின் எடை.
என் காதுக்குள் என் ரத்தம் போய்வருவது கேட்டது.

அப்போதுதான் ஏரி முனகியது.
எங்கோ வெகுதூரத்தில் தொடங்கி
நீளமான கம்பியைச் சுண்டிவிட்டதுபோல அதிர்ந்து
என் பாதத்துக்குக் கீழே நுழைந்து
அக்கரைப் பக்கம் போயிற்று.

"சொல்லுங்கள், கேட்கிறேன்."

வாய்விட்டுத்தான் சொன்னேன், பணிக்குரலில்.
கேட்க ஒரு காக்கைகூட இல்லை.
சிரிப்பு வந்தது.
சிரிப்பு எங்கேயோ வழி தவறி
மூக்குநுனியில் உறைந்து நின்றது.
மூக்கைத் துடைத்துவிட்டு எண்ணத் தொடங்கினேன்.
நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று.
அறுபதுக்குப் பிறகு எதை எண்ணுகிறேன் என்பது
விட்டுப்போயிற்று.

கயிறு மெல்ல நடுங்கியது.
கீழே யாரோ விரலால் தட்டுவதுபோல ஒருமுறை.
இன்னொருமுறை.
நான் இழுக்கவில்லை.
இழுக்கத் தெரியாது என்பது பாதிக் காரணம்.

லவ்ரெந்தி பெட்ரோல் வாசனையோடு திரும்பினார்.
"ஏதாவது?"
"கூப்பிட்டது. பேசாமல் வைத்துவிட்டது."
என் முகத்தை ஒருமுறை பார்த்தார்,
தூண்டிலை ஒருமுறை.
பிறகு தாளில் சுற்றிய வெங்காய அப்பத்தைப் பிட்டு
பெரிய பாதியை நீட்டினார்.
நின்றபடியே தின்றோம்.
அவரும் பேசவில்லை, மீனும் வரவில்லை.

கடைசி வண்டியில் அதே இருக்கை.
காசளவு துளை மூடிப்போயிருந்தது.
திரும்பச் சுரண்டவில்லை.

வீட்டில் பீட்ரூட் சூப்பைச் சுடவைத்தேன்.
இழுப்பறையைத் திறந்தபோது
கரண்டிகளுக்கு நடுவே
சின்ன வெளிச்சம் மினுக்கிக்கொண்டிருந்தது.

கரண்டியை மட்டும் எடுத்தேன்.