நாற்பத்தேழாம் எண்

லிங்கராஜபுரம் கோயிலில்
அறுப்பின் பண்டிகை ஏலம்.
ரசீதுப் புத்தகம் என் மடியில்.
பதினொரு வருடமாய் நான் பாடுவதில்லை,
எண்ணுகிறேன்.

சேவல் எழுநூறு.
பூசணி, செயலாளரின் மருமகனுக்கு, ஆயிரத்து நூறு.
ஒற்றை எலுமிச்சம்பழம் ஐந்தாயிரத்துக்குப் போனது;
அது வேறு கதை,
இரண்டு குடும்பத்துச் சண்டை.

நாற்பத்தேழு:
மண் போகாத பெருவள்ளிக் கிழங்கு.
தொட்டிலில் கிடத்தலாம், அவ்வளவு நீளம்.
கொண்டுவந்தவன் சைலாஸ் மாயேனூ,
ஹெப்பாளில் விவசாயம் படிக்கிறவன்.
விடுதிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியோரம்
ஒன்பது மாதம் வளர்த்தானாம்.

ஊர், மலைட்டாத் தீவுப் பக்கம்.
தீவுகூட இல்லை,
கடலுக்குள் பவளக்கல் அடுக்கி
கையால் எழுப்பிய மேடு.
அலை ஒரு கல் எடுத்தால்
இவர்கள் ஒரு கல் வைப்பார்களாம்.
வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு
நற்கருணைக்கு வந்து மண்டியிடுவான்.
ஆயரம்மாவுக்குப் பிடிக்காது.
"எங்க ஊரில் குருவானவரும் போடுவார்" என்று
அதே வாயால் சிரிப்பான்.

அசரியா அண்ணன் கூவினார்.
கான்ட்ராக்டர் செல்வின் நாலாயிரத்து இருநூறு.
ஒரு தரம்.
ரெண்டு தரம்.

சைலாஸ் எழுந்தான்.
அவன் இங்கிலீஷ் மெல்லத்தான் வரும்.
"முதல் கிழங்கை விற்க மாட்டோம்.
பீடத்தில் வைத்து ஜெபிக்கும்வரை
ஊரில் யாரும் கிழங்கு தின்ன மாட்டோம்.
அப்புறம் தலைக்கு ஒரு துண்டு.
நேற்றுச் சண்டை போட்டவனுக்கும்."

மைக் கீச்சிட்டது.
தூக்கிய கை தூக்கியபடி அசரியா அண்ணன்.
"அப்ப எனக்கு?" என்றார் செல்வின்.
"உங்களுக்கும்தான்."

ஆயர் ஜெபப் புத்தகத்தைப் புரட்டினார்,
கிழங்குக்கு அதில் பக்கம் இல்லை.
கடைசியில் வெறுங்கையை அதன்மேல் வைத்து
சும்மா நின்றார், கொஞ்ச நேரம்.
விரலெல்லாம் மண்.

கொண்டையை மட்டும் அறுத்து, விதைக்கென்று,
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான் சைலாஸ்.
மீதி அசன அடுப்புக்குப் போனது.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
புளியங்கொட்டையளவு வந்தது எனக்கு.
உப்பில்லை. தொண்டை லேசாக அரித்தது.
எலுமிச்சைக் குடும்பங்கள் இரண்டும்
ஒரே தட்டிலிருந்து எடுத்தன,
முகம் பார்க்காமல்தான்.

மார்ச்சில் ஆடிட்டர் கேட்டார்:
"நாற்பத்தேழுக்குத் தொகை எங்கே?"
பென்சிலால் எழுதியிருந்தேன்,
தின்றாகிவிட்டது என்று.
"அழித்துவிட்டுப் பூஜ்யம் போடுங்க."

ரப்பர் கையில்தான் இருந்தது.
இழுப்பறையைத் திறந்து
தேடிக்கொண்டிருந்தேன்.